பழைய சின்னக் கார் எடுக்கப் போறீங்களா, மீட்டர விட்டுட்டு அடியப் பாருங்கோ

கார் பாக்கப் போற ஆக்கள் எல்லாரும் முதல் கேக்கிறது எத்தின கிலோமீட்டர் ஓடியிருக்கு எண்டுதான். எனக்கு அது கடைசிக் கேள்வி. மீட்டரக் குறைச்சு வைக்கிறது பெரிய வித்தையே இல்ல, பிறேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேஞ்சு போய்க் கிடக்கேக்க மீட்டர் மட்டும் நாப்பதாயிரம் காட்டினா நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ. திருகோணமலையில முதல் கேள்வி இந்தக் கார் இவ்வளவு நாளும் எங்க நிண்டது எண்டதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட, கூரையும் இல்லாம வருசக்கணக்கா நிண்ட வாகனமெண்டா குறைய ஓடியிருந்தாலும் அடி உக்கியிருக்கும். கடலுக்குத் தள்ளி உள்ளுக்க நிண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டின கார் அதவிடச் சுத்தமா இருக்கலாம். என்ஜின் பிழைச்சா சாமான் எடுத்துப் போடலாம், உக்கின கார் பொடிக்கு (body) ஒண்டும் செய்யேலாது.

2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் கார்கள 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டாங்கள். அதால இப்ப சந்தையில நிக்கிற அல்டோ, விட்ஸ், வேகன்ஆர் எல்லாம் பெரும்பாலும் வயசு போனதுகள்தான், விலை மட்டும் இளமையா நிக்குது.

சரி, பாக்கிற முறைக்கு வருவம். காரக் கழுவாம வைக்கச் சொல்லுங்கோ, பிறகு நீங்களே ஒரு சேர்விஸ் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் ஹொயிஸ்ட்ல ஏத்துங்கோ. அதுக்குச் சம்மதிக்காத ஆளிட்ட வாங்கவே வேணாம். சில்லு மடிப்பு, கதவுக்குக் கீழ வாற நீளப் பக்கம், முன் சொக் அப்சோபர் பூட்டுற மேல் தட்டு, பிறேக் பைப், டிக்கி கார்ப்பெட்டத் தூக்கினா ஸ்பெயார் சில்லு கிடக்கிற பள்ளம், இந்த இடமெல்லாம் டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. மேலால கொஞ்சம் செந்துரு பிடிச்சிருந்தாப் பரவாயில்ல, ஸ்க்ரூட்ரைவர் பிடியால தட்டேக்க தகடு உதிர்ந்தா இல்லாட்டி உள்ளுக்க போனா திரும்பிப் பாக்காம வந்திடுங்கோ. அடியில புதுசாக் கறுப்புப் பூச்சு அடிச்சிருந்தா சந்தோசப்பட வேணாம், விக்கிறதுக்கு முதல் கிழமை ஏன் அடிச்சவங்கள் எண்டு யோசியுங்கோ. ஒரு சின்னக் காந்தத்தத் துணியில சுத்திக்கொண்டு போய்க் கதவு, மட்காட் கீழ் விளிம்புகளில வச்சுப் பாத்தா பட்டி போட்ட இடத்தில பிடிக்காது. பம்பர் பிளாஸ்டிக், அதில வச்சுப்போட்டுப் பயப்பட வேணாம்.

வெள்ளத்தில நிண்ட காரும் இப்ப கைமாறுது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோட எத்தின ஊர் தண்ணிக்குள்ள நிண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்துப் பாருங்கோ, கடைசிப் பக்கம் சேறு ஒட்டியிருக்கும், அத ஆரும் கழுவுறேல்ல. சீட்டுக் கீழ இருக்கிற நட்டுகள் கறள் பிடிச்சிருக்கா, பியூஸ் பெட்டிக்குள்ள மண் இருக்கா, ஹெட்லைட்டுக்குள்ள ஈரம் இருக்கா எண்டும் பாருங்கோ. காருக்குள்ள வாசனைப் போத்தில் ரெண்டு மூண்டு தொங்கினா எனக்குச் சந்தேகம்தான்.

என்ஜின் பாக்கிறதெண்டா காலமை, ஆறின என்ஜினிலதான். போனதும் பொனட்டில கை வையுங்கோ, சுட்டா இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லிட்டு வாங்கோ. திறப்ப ஓன் பண்ணேக்க என்ஜின் லைட்டும் எயார்பாக் லைட்டும் ஒருக்கா எரியோணும், ஸ்டார்ட் பண்ணின பிறகு ரெண்டும் அணைஞ்சிருக்கோணும், எரியவே இல்லையெண்டா ஆரோ பல்ப்பக் கழட்டியிருக்கலாம். ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சரால நீலப் புகை தொடர்ந்து வந்தா ஒயில் எரியுது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்கேல்லையெண்டா கூலன்ட் உள்ளுக்க போகுது, கறுப்பெண்டா பெற்றோல் கூடிப்போகுது. ஒயில் மூடியக் கழட்டேக்க உள்பக்கம் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தா ஹெட் காஸ்கட் (என்ஜின் தலைக்கும் பிளொக்குக்கும் நடுவில இருக்கிற சீல்) போயிருக்கலாம். நம்மட வெயிலுக்குச் சின்ன என்ஜின்கள் சாகிறது கூடுதலா இப்பிடித்தான், கூலன்ட்டுக்குப் பதிலாப் பைப் தண்ணி விட்டு விட்டு ரேடியேட்டர் அடைபட்டு ஒருநாள் கொதிக்கும். அதால ஆறினதுக்குப் பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியத் திறந்து நிறத்தப் பாருங்கோ, கறள் தண்ணியெண்டா விலையப் பேசவே வேணாம்.

ஓடிப் பாக்கிறது மத்தியானம், ஏசி போட்டு. கோட்டைக்குள்ளால கோணேசர் கோவிலுக்கு ஏறுற ரோட்டு நல்ல பரீட்சை. அதில ஏறேக்க என்ஜின் இரையுது ஆனா வேகம் வரேல்ல எண்டா மனுவல்ல கிளச் தட்டு போயிருக்கும், விட்ஸ், ஜப்பான் வேகன்ஆர் மாதிரி சிவிடி (கியர்ப் படி இல்லாமத் தானா மாறுற) ஓட்டோல கியர்பொக்ஸ் கேள்விக்குறி, அத மாத்திற காசுக்கு நீங்க ஒரு மோட்டார்சைக்கிளே யோசிக்கலாம். பிறகு மேல போய் என்ஜினயும் ஏசியயும் ஓட விட்டுட்டு நில்லுங்கோ, ரேடியேட்டர் ஃபான் ஓடோணும், சூட்டு முள்ளு நடுவத் தாண்டக் கூடாது. இறங்கேக்க பிறேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. சீனன்குடாப் பக்கம் நேர் ரோட்டில ஸ்டியரிங்க லேசா விட்டுப் பாத்தா மிச்சம் தெரியும்.

அல்டோ 800 எண்டா டைமிங் பெல்ட், எப்ப மாத்தினது எண்டு பில்லோட கேளுங்கோ, பில் இல்லாட்டி மாத்துற செலவ விலையில கழிச்சுப் பேசுங்கோ. அல்டோ கே10லயும் ஒரு லீட்டர் விட்ஸ்லயும் செயின், அதுக்குக் காலமை ஸ்டார்ட் பண்ணேக்க கடகட சத்தம் வருதா எண்டு கேட்டாப் போதும். ரயர்ல அச்சடிச்சிருக்கிற நாலு இலக்கத்தில முதல் ரெண்டும் கிழமை, பின்னுக்கு ரெண்டும் வருசம். 2318 எண்டா 2018இல 23ஆம் கிழமை, பட்டன் (ரயர்ட மேல் வெட்டு) எவ்வளவு இருந்தாலும் அது கிழடு. கார்ட கொம்பியூட்டர வாசிக்கிற ஸ்கானர் வச்சிருக்கிற மெக்கானிக் ஒராளக் கூட்டிப்போனா நல்லம், பிழைக் கோட் ஒண்டும் இல்லையெண்டு காட்டினாலும் சென்சர்ச் சோதனைகள் முடியேல்ல எண்டு வந்தா கிட்டடியில அழிச்சிருக்கலாம்.

கடைசியா வாகனப் பதிவுப் புத்தகம். செசி நம்பரும் என்ஜின் நம்பரும் புத்தகத்தோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்கோ. ஓப்பின் பேப்பர்ல (பேர் மாத்தாம, உரிமையாளர் கையெழுத்து வச்ச மாற்றப் பத்திரத்தோட மட்டும்) மூண்டு நாலு கை மாறி வந்த காரெண்டா ஆர்ட பேர்ல இருக்கோ அவரக் கண்ணால பாக்காமக் காசு நீட்டாதீங்கோ. புத்தகத்தில முழு உரிமையாளர் (absolute owner) எண்ட இடத்தில லீசிங் கொம்பனி பேர் இருந்தா, கட்டி முடிச்சாச்சு எண்டு வாயால சொன்னாக் காணாது, கொம்பனி குடுத்த விடுவிப்புக் கடிதம் கையில வந்த பிறகுதான் அட்வான்ஸ்.