சென்னையில் வாடகைக்கு விட வீடு வாங்குவோர் கவனத்திற்கு

கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து வளைகுடா சென்று சேர்த்த பணத்தைச் சென்னையில் ஒரு ஃப்ளாட்டில் போட எண்ணுவோர், சொந்தபந்தம் இருக்கும் மண்ணடிப் பகுதியையே முதலில் பார்ப்பது வழக்கம். ஆனால் குடியிருக்கப் போவது நாமல்ல என்பதால், வாடகைக்கு வருபவருக்கு எது வசதி என்பதையே கவனிக்க வேண்டும். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 20,000 ரூபாய் என்றால் ஆண்டு வரவு 3 சதவீதம்தான். சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் ஆகியவை போக மிஞ்சுவது இன்னும் குறைவு. பெயர்பெற்ற பகுதியின் பெரிய வீட்டைவிட, மெட்ரோ அல்லது புறநகர் ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்திலுள்ள சிறிய வீடே மேல் என்பது என் கருத்து.

வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்கள் 2015 வெள்ளத்தில் மூழ்கியவை என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் நேரில் சென்று பார்ப்பது அவசியம் (சேது எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம்தானே). புதிதாக வெள்ளையடித்த சுவரிலும், மின் மீட்டர் பெட்டியின் பின்புறம் தண்ணீர் நின்ற கறை சில சமயம் தப்பியிருக்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதைத் தரகரிடம் கேட்காமல் காவலாளியிடம் கேளுங்கள். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் ஊரிலிருந்தே பார்த்துவிடலாம். பிரிக்கப்படாத மனைப்பங்கு (கட்டடம் நிற்கும் மொத்த நிலத்தில் நம் வீட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுர அடி என்பதை மட்டும் பத்திரத்தைப் படித்து உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.