ஊர் மாறும்போது அரசுப் பள்ளியில் பிள்ளையின் டி.சி. வாங்குவது எப்படி?

வேலை மாற்றம், வாடகை வீடு மாற்றம், குடும்ப நிலைமை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை வேறு ஊருக்கு அழைத்துப் போகும்போது இரண்டு விஷயங்கள் இடம் மாற வேண்டும். ஒன்று, கையில் வாங்கும் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. இன்னொன்று, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பிள்ளையின் பெயரில் இருக்கும் பதிவு. பல பெற்றோர் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். புதிய ஊரில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் எமிஸில் இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாமான் ஏற்றும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போயிருக்கலாம், எமிஸ் தளம் மெதுவாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு வாரம் போதும். வீடு மாற்றும் அன்று காலையில் போய் நின்றால் போதாது.

படி 1: முதலில் புதிய பள்ளியைப் பாருங்கள்

டி.சி. வாங்கிவிட்டுப் பள்ளி தேடாதீர்கள். போகும் ஊரில் பள்ளிக்கு நேரில் போய், அல்லது போன் செய்து, மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா? அதே பயிற்று மொழி இருக்கிறதா? 11, 12 ஆம் வகுப்பு என்றால் அதே பாடப்பிரிவு இருக்கிறதா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளை, வணிகவியல் மட்டுமே உள்ள மேல்நிலைப் பள்ளிக்கு டி.சி.யோடு போய் நின்றால் திரும்பி வருவதைத் தவிர வழியில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்ணான யூடைஸ் எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 11 இலக்கம் கொண்ட எண் அது. ஒரே பெயரில் பல அரசுப் பள்ளிகள் இருப்பதால், குழப்பம் வந்தால் இந்த எண்தான் தீர்க்கும்.

படி 2: விண்ணப்பக் கடிதம்

தனிப் படிவம் எதுவும் வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும். பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். மாதிரி இது:

அனுப்புநர்: (பெற்றோர் பெயர், முகவரி, செல்பேசி எண்)
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள், (பள்ளியின் பெயர், ஊர்)
பொருள்: மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல் தொடர்பாக.
மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
என் மகள் (பெயர்) தங்கள் பள்ளியில் 6 ஆம் வகுப்பு 'அ' பிரிவில் படித்து வருகிறாள். அவளது சேர்க்கை எண் ____, எமிஸ் எண் ____. நாங்கள் குடும்பத்துடன் (ஊர், மாவட்டம்) செல்வதால், அவளை அங்குள்ள (பள்ளியின் பெயர்) பள்ளியில் சேர்க்க உள்ளோம். எனவே மாற்றுச் சான்றிதழ் வழங்கி, எமிஸ் தளத்திலும் விடுவித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு, (கையெழுத்து, தேதி)

'எமிஸ் தளத்திலும் விடுவித்து' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். சேர்க்கை எண் தெரியவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கடிதத்தைக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தாமதம் ஆனால் என்றைக்குக் கேட்டோம் என்பதற்கு இதுவே சாட்சி.

கூடவே கொண்டு போக வேண்டியவை: பிள்ளையின் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், விண்ணப்பிக்கும் பெற்றோரின் அடையாள அட்டை நகல். பள்ளி நூலகப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போய்விடுங்கள்.

படி 3: அச்சிடும் முன் சரிபார்ப்பது

இந்தப் படியில் மட்டும் அவசரப்பட வேண்டாம். டி.சி. எமிஸில் உள்ள விவரங்களிலிருந்துதான் தயாராகிறது. அங்கே பிழை இருந்தால் டி.சி.யிலும் பிழை வரும், பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை அது கூடவே வரும். அதனால் அச்சிடும் முன் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள்.

பெயரும் முன்னெழுத்தும்: தமிழில் சரி, ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது? ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பொருந்துகிறதா? ஒரு 'ஹெச்' கூடினாலும் குறைந்தாலும் பிறகு அபார் எனப்படும் மாணவர்களுக்கான தேசிய அடையாள எண் உருவாக்கும்போதும், உதவித்தொகை விண்ணப்பிக்கும்போதும் இடிக்கும். ஆதாரில்தான் பிழை என்றால் ஆதாரைத் திருத்துங்கள். பள்ளிப் பதிவைத் தவறான ஆதாருக்கு ஏற்ப வளைக்காதீர்கள்.

பிறந்த தேதி: பிறப்புச் சான்றிதழில் உள்ளதுதான் இருக்க வேண்டும். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தது. அப்படிப் பதிவான தேதி இன்றும் சில பிள்ளைகளின் பதிவில் இருக்கிறது. திருத்த வேண்டுமென்றால் பழைய பள்ளியில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழைக் காட்டிக் கேளுங்கள்.

அங்க அடையாளங்கள்: இரண்டு மச்சமோ தழும்போ எழுதியிருக்கும். முதல் வகுப்பில் அவசரத்தில் எழுதிய மச்சம் பிள்ளையின் உடம்பில் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பிள்ளையை அடையாளம் காண எழுதும் விவரம் இது.

பயிற்று மொழி: தமிழ் வழியா, ஆங்கில வழியா? தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 இல் வந்த திருத்தத்தின்படி முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் தவறாக எழுதப்பட்டால் பிள்ளை பெரியவனான பிறகு இழப்பு தெரியவரும். அன்றைக்கு இதைத் திருத்திக் கொடுக்க இந்தத் தலைமையாசிரியர் அங்கே இருக்க மாட்டார்.

மேல் வகுப்புக்குத் தகுதி: ஏப்ரல், மே மாதத்தில் வாங்கினால் 'தேர்ச்சி பெற்று 7 ஆம் வகுப்புக்குத் தகுதி பெற்றுள்ளார்' என்ற பொருளில் இருக்க வேண்டும். ஆண்டு நடுவில் வாங்கினால் 6 ஆம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறார் என்று இருக்க வேண்டும். இது மாறிவிட்டால் புதிய பள்ளியில் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்ற குழப்பம் வரும்.

டி.சி.யில் உள்ள விவரங்கள் சரி, பின்னால் மாற்றம் கேட்க மாட்டேன் என்று பெற்றோர் கையெழுத்திடும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்னவற்றைப் பார்க்காமல் அங்கே பேனாவை வைக்காதீர்கள். தலைமையாசிரியரின் மைக் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் வேறு அச்சு கேளுங்கள். அடித்தெழுதிய டி.சி.யைப் புதிய பள்ளி ஏற்காமல் போகலாம்.

படி 4: எமிஸில் விடுவித்தல்

டி.சி. கொடுக்கும் பள்ளி, தன் எமிஸ் லாகினில் பிள்ளையை விடுவித்ததும் பதிவு 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எமிஸ் எண்ணை வைத்துத் தேடி எடுத்துக்கொள்ளும். வெளியே வரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எமிஸ்ல பிள்ளையைப் பூலுக்கு அனுப்பிட்டீங்களா சார்?"

அனுப்ப மறந்துவிட்டாலும் வழி இருக்கிறது. புதிய பள்ளி எமிஸிலேயே கோரிக்கை வைக்கலாம். பழைய பள்ளி அதை ஏற்றால் பதிவு நகரும். ஆனால் இரு பள்ளிகளும் ஒரு போன் பேசிக்கொண்டால்தான் இது விரைவில் நடக்கிறது. அதனால் பழைய பள்ளியின் தொலைபேசி எண்ணைக் கையோடு வைத்திருங்கள்.

நடக்கக் கூடாதது ஒன்று: பழைய பதிவு கிடைக்கவில்லை என்று புதிய பள்ளியில் புதிதாக ஒரு எமிஸ் எண் உருவாக்குவது. ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் ஆகிவிடும், ஆதார் எண்ணைச் சேர்க்கும்போது முரண்படும், உதவித்தொகை ஒரு எண்ணிலும் வருகை இன்னொரு எண்ணிலும் நிற்கும். "எண் ஏற்கெனவே இருக்கிறது, இதுதான்" என்று எழுதிக் கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த ஆண்டுகளைக் காப்பாற்றுங்கள்

ஊர் மாறும்போது அங்கே அரசுப் பள்ளி தூரம் என்று ஒரு வருடம் மட்டும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு மீண்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். செய்யும் முன் கணக்குப் போடுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 இல் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் தனியாருக்குப் போனது இவ்வளவையும் தட்டிவிடலாம்.

இதனால் டி.சி.யோடு நிறுத்தாமல், அந்தப் பள்ளியில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த வகுப்பு, எந்தப் பயிற்று மொழியில் படித்தார் என்ற படிப்புச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு வாங்க ஐந்து நிமிட வேலை. பத்து வருடம் கழித்து முந்நூறு கிலோமீட்டர் பயணம்.

என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகை (ஆண்டுக்கு 12,000 ரூபாய், 9 முதல் 12 வரை) பெறும் பிள்ளை என்றால் புதிய பள்ளியும் அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியாக இருக்க வேண்டும். கேந்திரிய வித்யாலயாவுக்குப் போனால் நின்றுவிடும். புதுப்பித்தல் புதிய பள்ளி வழியாக நடக்க வேண்டும் என்பதால் சேர்ந்த அன்றே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் வங்கிக் கணக்கை ஊர் மாறுகிறோம் என்று மூட வேண்டாம். பழைய கணக்குக்கு வர வேண்டிய தொகை பாக்கி இருக்கலாம்.

வேறு மாநிலம் போகிறீர்களா?

எமிஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான். வெளிமாநிலத்துக்கு யூடைஸ் பிளஸ் என்ற தேசியத் தளத்தில் உள்ள 'பென்' எண், அதாவது நிரந்தரக் கல்வி எண் தேவை. பழைய பள்ளி அங்கே பிள்ளையை 'டிராப் பாக்ஸ்' பகுதிக்கு நகர்த்தினால்தான் பெங்களூருவிலோ புனேயிலோ உள்ள பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பென் எண்ணைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம், அதாவது உறுதிப்படுத்தும் கையெழுத்து, வேண்டுமா என்று புதிய பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கள். வெளிமாநிலப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் கேட்பது வழக்கம். அதற்கு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். ஊரை விட்டுப் போன பிறகு இதற்காகத் திரும்பி வருவது பெரும் அலைச்சல்.

டி.சி. இல்லாமலே கிளம்ப நேர்ந்தால்

1 முதல் 8 ஆம் வகுப்பு வரையுள்ள, 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அதன் 5 ஆம் பிரிவு சொல்வது தெளிவானது. எந்தக் காரணத்துக்காகவும், மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ, வேறு அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். தலைமையாசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது, 14 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆண்டு நடுவில் போனாலும் சேர்க்க வேண்டும். அதனால் டி.சி. வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள், காகிதம் பின்னால் வரட்டும்.

9 முதல் 12 வரை இந்தப் பாதுகாப்பு கிடையாது, டி.சி. வேண்டும். அதிலும் 10, 12 ஆம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரான பிறகு மாறுவதைத் தவிருங்கள். முடிந்தால் தேர்வு முடியும் வரை பிள்ளையை உறவினர் வீட்டிலோ அரசு விடுதியிலோ தங்க வைப்பது நல்லது.

சொல்லாமலே கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தொடர்ந்து வராத பிள்ளை இடைநின்ற பட்டியலுக்குப் போகும், ஆசிரியர்கள் பழைய வீட்டுக்குத் தேடி வருவார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அவர்களுக்கு, பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டதா, குழந்தைத் திருமணமா என்ற கவலை வரும். அந்தக் கவலை நியாயமானது. ஒரு போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள்.

தர மறுத்தால்

அரசுப் பள்ளியில் டி.சி.க்குக் கட்டணம் கிடையாது. மாணவர் எண்ணிக்கை குறையும் என்று சில இடங்களில் இழுத்தடிப்பதுண்டு. முதலில் பொறுமையாகப் பேசுங்கள். நகரவில்லை என்றால் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடமும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலரிடமும், கையெழுத்து வாங்கிய கடித நகலை இணைத்து மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தாமதப்படுத்தினால் துறை நடவடிக்கைக்கு இடமுண்டு என்பதும் அதே 5 ஆம் பிரிவில்தான் இருக்கிறது.

புதிய பள்ளியில் முதல் வாரம்

அசல் டி.சி.யைப் புதிய பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. கொடுக்கும் முன் மூன்று ஜெராக்ஸ் எடுங்கள், செல்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். சேர்ந்ததும் பாடநூல், சீருடை, பஸ் பாஸ், காலை உணவு, மதிய உணவு எல்லாவற்றுக்கும் பெயர் கொடுங்கள். பழைய பாஸ் புதிய வழித்தடத்துக்குச் செல்லாது.

ஒரு வாரம் கழித்து வகுப்பாசிரியரிடம், எமிஸ் வருகைப் பதிவில் பிள்ளையின் பெயர் வருகிறதா, எண் பழைய எண்தானா என்று கேளுங்கள். வேறு எண் இருந்தால் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.