அம்பாசடரின் பின் ஆக்சில்

மார்க் 4 அம்பாசடரில் பழைய 1489 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு இசூசு 1817 சிசி பெட்ரோல் எஞ்சினை ஏற்றினேன். முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தக் கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டிய பின் ஆக்சிலை, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சை, மறந்துவிட்டேன். ஆண்டிப்பட்டி கணவாயில் கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டங்’.

முதலில் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸை மாற்றினேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. திருமங்கலத்து மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே சொன்னார்: “தம்பி, ஆக்சிலே முறுக்கிக்கிட்டு எந்திரிக்குது.” ஒருவரை மெதுவாகக் கிளட்சை விடச் சொல்லி ஓரமாக நின்று பார்த்தேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் பினியன் மூக்கு மேலே தூக்கியது, ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கான லீஃப் ஸ்பிரிங் ‘S’ எழுத்து மாதிரி வளைந்தது.

ஸ்பிரிங்கோடு ஆக்சிலைச் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளும் தளர்ந்திருந்தன. புதிது போட்டு, 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி இறுக்கினோம். ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்க, அதிலிருந்து சேசிஸ் பக்கத்துக்கு ஒரு டிராக்‌ஷன் பார். ரெண்டு முனையிலும் ரப்பர் புஷ். அப்புறம் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன். பற்கள் எங்கே உரசுகின்றன என்று பார்க்க நீலம் தடவிச் சுற்றினால் தடம் ஓரத்தில் விழுந்தது. ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றி நடுவுக்குக் கொண்டுவரவே ஒரு நாள் ஆயிற்று. புரொப்பல்லர் ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்து, ஆக்சிலில் இபி 90 கியர் ஆயில் ஊற்றினோம்.

இப்போது அதே கணவாயில் சத்தமில்லை. ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட் இன்னும் பழசுதான். அதனால் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி முறுக்குவதில்லை.