கேப்பு வெடிக்குது, மருந்து பற்றலை: நாட்டுத் துப்பாக்கி, என் அனுபவம்

ஒடுகத்தூர் பக்கம் மலையோரக் கடலைக் காட்டுக்காக லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இது. பன்றியை விரட்ட வெறும் வேட்டுதான் போடுவோம். மானைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

விசையை இழுத்தால் குதிரை (அடிக்கும் சுத்தியல்) விழும், கேப்பு (அடிபட்டால் பொறி தரும் சின்ன மூடி) வெடிக்கும், குழலுக்குள் மருந்து (வெடித்தூள்) பற்றாது. கேப்பு ஈரமோ என்று புதுப் பெட்டி மாற்றினேன். மருந்தையும் மாற்றினேன். நிப்பிளை, அதாவது கேப்பு உட்காரும் துளையுள்ள முளையை, கழற்றிப் பார்த்தால் துளை பளிச்சென்று இருந்தது.

அடைப்பு நிப்பிளுக்குக் கீழே, குழலுக்குள் திரும்பும் வழியில் இருந்தது. மெஷின் ஆயில் போட்டுக் கட்டை கீழாகச் சாய்த்து வைத்தால் எண்ணெய் அடிக்கு இறங்கி, மிச்சக் கரியோடு கலந்து தார் போல இறுகிவிடும். ஊசி அந்த வளைவுக்கு எட்டாது.

பற்றாத துப்பாக்கியை உடனே திருப்பக் கூடாது. குழல் வாயை ஆளில்லாத பக்கம் காட்டியபடி ஓரிரு நிமிடம் நிற்க வேண்டும், தாமதமாக வெடிக்கலாம். பிறகு மருந்தை நீர்விட்டு நனைத்து எடுத்தேன். காலிக் குழலின் ஆழத்துக்கு, மருந்து இடிக்கும் கம்பியில் கோடு போட்டிருந்தால், உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று உடனே தெரியும்.

அடுத்து, நிப்பிளைக் கழற்றிவிட்டு சோப்பு கலந்த வெந்நீரைக் குழலில் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் பம்ப் அடித்தேன். நிப்பிள் இருந்த துளை வழியே கருப்புக் கசடு பீய்ச்சிக்கொண்டு வந்தது. அப்பாடா!

காயவைத்து, தேங்காயெண்ணெய் லேசாகத் தடவி, இப்போது வாய் கீழாக வைக்கிறேன். மருந்து போடுமுன் காலித் துப்பாக்கியில் ஒரு கேப்பு மட்டும் வெடிக்க வேண்டும்: வாயருகே கிடக்கும் சருகு துள்ளினால் வழி திறந்திருக்கிறது.