"பேக்கப் இருக்குது சார்" என்று சொல்வதற்கு முன்

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி என்று நான் சிஸ்டம் பார்த்துக்கொடுக்கும் இடங்களில் எங்கே போய்க் கேட்டாலும் பேக்கப், அதாவது டேட்டாவுக்கு மாற்றுப் பிரதி, இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மாங்கூழ் ஆலை, கிரானைட் பாலிஷ் போடும் இடம், சிப்காட் பக்கத்தில் இருக்கும் சின்ன லேத் பட்டறை, ஆடிட்டர் ஆபீஸ், தனியார் பள்ளி, யாராக இருந்தாலும் இதே பதில். "சரி, கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ரொம்ப காலமாக இந்த வேலையில் இருக்கிறேன், நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இதுதான்: ஒரு தடவைகூட சோதித்துப் பார்க்காத ஒன்றை, இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது. பேக்கப்பில் மட்டுமில்லை, எர்த்திலும் யூபிஎஸ்ஸிலும் பாஸ்வேர்டிலும் ஆட்களிலும் வீட்டிலும் இதேதான் நடக்கிறது.

ஒரு கிரானைட் ஆபீசில் பார்த்ததைச் சொல்கிறேன். கணக்கு எல்லாம் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில். தினமும் ராத்திரி தானாக ஓடி டேலி டேட்டாவை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்ய யாரோ முன்பு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதி வைத்திருந்தார்கள். காலையில் அதன் லாகில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைலில், "முடிந்தது" என்று ஒரு வரி இருக்கும், கணக்கு பார்க்கும் அம்மா அதைப் பார்த்து நோட்டில் டிக் அடிப்பார், அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறொரு சிஸ்டத்தில் போட்டு, டேலியில் அந்தக் கம்பெனியின் கணக்கைத் திறந்து, தினசரிப் பதிவுகள் இருக்கும் டே புக் பார்த்தேன். கடைசி வவுச்சர் மார்ச் 31. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது நவம்பரில். டேலி ஒவ்வொரு கம்பெனியின் டேட்டாவையும் எண்ணைப் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டரில் வைக்கும்; புது நிதியாண்டுக்கு டேட்டாவைப் பிரித்தபோது புது எண்ணில் ஃபோல்டர் உருவாகியிருக்கிறது, ஸ்கிரிப்ட்டோ பழைய எண்ணையே விடாமல் காப்பி செய்துகொண்டிருந்தது. நல்ல வேளை, அதுவரை சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஏழு மாத பில்லும் போயிருக்கும், ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டிய கணக்கு அது.

லாகில் வரும் "முடிந்தது" என்பது காப்பி முடிந்தது என்றுதான் அர்த்தம், நமக்கு வேண்டியது அதில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால் மாதம் ஒரு தடவை வேறொரு சிஸ்டத்தில் பேக்கப்பைத் திறங்கள். கடைசி வவுச்சர் தேதி, கடைசி பில் நம்பர், ஏதாவது ஒரு கஸ்டமரின் பாக்கித் தொகை, இந்த மூன்றையும் ஓடிக்கொண்டிருக்கும் டேலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போனால்தான் பேக்கப் இருக்கிறது. அப்புறம், ஒரு கம்பெனி ஃபோல்டரை மட்டும் காப்பி செய்யாமல் டேட்டா ஃபோல்டரை மொத்தமாக எடுங்கள்.

சின்ன ஆபீஸ் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையை நடத்தும் கிட்லேப் என்ற உலகறிந்த கம்பெனியில் 2017 ஜனவரி 31 அன்று இரவு, களைத்துப்போன ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் நின்றுகொண்டு டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப் என்று ஐந்து வழி வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினமும் ஓட வேண்டிய பேக்கப், டேட்டாபேஸின் வெர்ஷனும் பேக்கப் எடுக்கும் புரோகிராமின் வெர்ஷனும் ஒத்துப்போகாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்கள் போய்ச் சேரவே இல்லை. அந்த இன்ஜினியரே ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஒரு காப்பிதான் கடைசியில் காப்பாற்றியது. நடந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது. தவறு செய்தவனைத் திட்டி அனுப்பிவிட்டு விஷயத்தை மூடிவிடும் இடங்களில் இந்தப் பாடம் யாருக்கும் கிடைக்காது.

பேக்கப்பில் இன்னும் சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் சிஸ்டத்திலேயே மாட்டி வைப்பது. ரான்சம்வேர் என்னும் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் பணம் கேட்கும். சிஸ்டத்தில் இருப்பதை ஆன்லைனிலும் அப்படியே வைத்திருக்கும் டிரைவ் சிங்க்கை பேக்கப் என்று நினைப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். சர்வரில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா எழுதும்படி மிரர் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பது. அது டிஸ்க் பழுதாவதற்குத்தான் பாதுகாப்பு, தவறாக அழிப்பதற்கு இல்லை. மூன்று பிரதி, இரண்டு வகை மீடியா, ஒன்று கட்டடத்துக்கு வெளியே. இந்த 3-2-1 கணக்கு பழசுதான், இன்றைக்கும் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. வெளியே என்றால் வெளிநாட்டு கிளவுட்தான் வேண்டும் என்றில்லை, முதலாளி வீட்டு பீரோவும் வெளிதான்.

அடுத்தது எர்த். நம்ம ஊர் பாறை பூமி, நிறைய இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டும். அப்படிப்பட்ட மண்ணில் எர்த் குழி ஒழுங்காக வேலை செய்வதே கஷ்டம், அதிலும் வெயில் காலத்தில் குழி காய்ந்துவிடும், அப்புறம் ஏப்ரல் மே மாதத்தில் இடியோடு கோடை மழை வரும். கட்டடம் கட்டும்போது எலக்ட்ரீஷியன் எர்த் போட்டார் என்பதோடு எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சோதிப்பது பெரிய வேலை இல்லை. எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி, சிஸ்டம் செருகும் பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் பக்கம் வர வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அங்கே முப்பது நாற்பது என்று காட்டினால் கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் அடிக்கடி போகிறது என்பதற்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கும், புது மதர்போர்டு வாங்கிப் போட்டு தீராது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று ஒரு ஆளைச் சொல்லி வையுங்கள்.

யூபிஎஸ்ஸும் இப்படித்தான். பச்சை லைட் எரிகிறது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகாது. சீல் செய்த பேட்டரி சாதாரணமாக இரண்டு மூன்று வருடம் வரும், வெக்கையான மூலையில் வைத்தால் அதுவும் வராது. எல்லா வேலையையும் சேவ் செய்துவிட்டு, மாதம் ஒரு நாள் யூபிஎஸ்ஸுக்குப் போகும் மெயினை நிறுத்திப் பாருங்கள், எத்தனை நிமிடம் நிற்கிறது என்று அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது சூடேறும் நொடியில் இழுக்கும் கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் தாங்காது.

அப்டேட் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இன்னொரு பக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் நீலத் திரையில் நின்றன, விமான நிலையங்களில் ஆட்கள் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் நான் சொல்வது இதுதான்: அப்டேட்டை நிறுத்தி வைக்காதீர்கள், ஆனால் எல்லா சிஸ்டத்திலும் ஒரே நாளில் போடவும் போடாதீர்கள். முதலில் ஒரு சிஸ்டம், இரண்டு நாள் பில் போட்டு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், அப்புறம் மற்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஓசூர் பக்கம் பட்டறைகளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷின் இன்னும் நன்றாக ஓடும், அதோடு இணைந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும், அதற்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. மெஷின் கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. மாற்று என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பட்டறை நடத்துகிறவரின் நிலைமையைப் புரிந்துகொள்வதில்லை. மாற்ற முடியாவிட்டால் நெட்டிலிருந்து பிரித்து வையுங்கள், அந்த மெஷினுக்கு மட்டும் ஒரு பென்டிரைவ் ஒதுக்கி ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் செய்து செருகுங்கள், முழு டிஸ்க்கையும் இமேஜ், அதாவது அச்சு அசலான காப்பி, எடுத்து, இன்னொரு பழைய டிஸ்க்கில் அந்த இமேஜை ஏற்றி மெஷின் அதில் கிளம்புகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். டிஸ்க் போன பிறகு எக்ஸ்பிக்கு டிரைவர் தேடி அலைவது பெரிய கொடுமை.

பாஸ்வேர்டை மாதம் ஒரு தடவை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதை நான் ஏற்பதில்லை. கிருஷ்ணகிரி@1 அடுத்த மாதம் கிருஷ்ணகிரி@2 ஆகும், அவ்வளவுதான் பலன். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி நிறுவனமே 2017இல், கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு) போடுங்கள். அதைவிட முக்கியம், ரவுட்டரில் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள், வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி என்று தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். புது லேப்டாப்புகளில் டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம், அதன் 48 இலக்க ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று வாங்கிய வாரத்திலேயே பார்த்து எழுதி வைத்துவிடுங்கள். மதர்போர்டு மாற்றிய பிறகு அந்தக் கீயைக் கேட்கும், அப்போது என் கையில் ஒன்றும் இல்லை.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா பாஸ்வேர்டும், எந்த கேபிள் எந்தப் போர்ட், டொமைன் (வெப்சைட் பெயர்) எந்த மெயிலில் வாங்கியது, எல்லாம் ஒரே ஒரு ஆள் தலையில் இருக்கும் ஆபீஸ்கள்தான் அதிகம். "அவன் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது" என்று முதலாளி பெருமையாகச் சொல்வார், அந்தத் தம்பிக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இரண்டு பேருக்கும் அது நல்லதில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் போன் அடிக்கும், தங்கச்சி கல்யாண மண்டபத்திலும் அடிக்கும். இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, லீவு போடுங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு வாரம் போனை எடுக்காமல் ஊருக்குப் போங்கள். திரும்பி வந்ததும் எங்கே தடுமாறினார்கள் என்று கேட்டு, அதை நோட்டில் சேருங்கள். அந்த நோட்டு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை. தனக்கு மட்டும் தெரிந்தால்தான் வேலை நிலைக்கும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவர்களுக்குப் பெரிய வேலை கொடுக்க யாருக்கும் தைரியம் வராது, இருக்கும் இடத்தைவிட்டு நகர்த்தவே மாட்டார்கள்.

அதே மாதிரி நடுராத்திரி வேலை. சர்வரில் எதையும் சனிக்கிழமை சாயங்காலம் மாற்றாதீர்கள், களைத்த கண்ணோடு டெலீட் கட்டளை அடிக்காதீர்கள். ஏஐயிடம் கேட்டு வந்த கட்டளையை ஒவ்வொரு வார்த்தையும் என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டவும் வேண்டாம். அது எழுதிக் கொடுப்பது நிறைய நேரம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் சர்வரில் எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதெல்லாம் ஆபீசுக்கு மட்டும்தான் என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுகிறோம். மாங்காய் மண்டிக் கணக்கு, பால் பணம், பேங்க், ஆதார், குழந்தைகள் போட்டோ, எல்லாம் அப்பாவின் ஒரே போனில், ஓடிபி வருவதும் அதே சிம்மில். அந்தப் போன் பஸ்ஸில் தொலைந்தால் என்ன ஆகும்? இதையும் சோதிக்கலாம். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ உங்கள் ஜிமெயிலுக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். நிறைய பேருக்கு முடியாது. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் போன் இல்லாதபோது உள்ளே போகப் பத்து பேக்கப் கோடுகள் (எண்கள்) கொடுக்கும், அவற்றைப் பிரிண்ட் எடுத்து வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். மனைவிக்கோ பிள்ளைக்கோ அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், பேங்க் கணக்குகளில் நாமினி பெயர் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் பணம் ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும் என்பது இப்போது நிறைய பேருக்குத் தெரியும், ஆனால் பதற்றத்தில் நினைவுக்கு வருவதில்லை. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம், பணம் போன கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை அம்மா அப்பா போனில் சேவ் செய்து கொடுத்துவிட்டு, "யாராவது வீடியோ காலில் போலீஸ் என்று சொல்லி மிரட்டினால் என்ன செய்வீங்க?" என்று கேட்டு, அவர்களையே அந்த எண்ணைத் தேடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடுக்கத் தடுமாறினால் முகப்புத் திரையிலேயே வைத்துக் கொடுங்கள்.