சென்னையிலிருந்து திருச்சிக்குக் குடும்பத்தோடு மாறுவது எப்படி: பள்ளி முதலில், லாரி கடைசியில்

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 19,000 வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் 21,000 கேட்ட அன்று ராத்திரிதான் நானும் கணவரும் உட்கார்ந்து பேசினோம். மூத்தவள் அப்போது முதல் வகுப்பு. சின்னவனுக்கு இரண்டு வயது. கணவர் மாதத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்குப் போனால் போதும். நான் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். அப்புறம் எதற்கு இந்த வாடகை, இந்த நெரிசல் என்ற கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

2025 ஜூனில் திருச்சி கருமண்டபத்தில் பால் காய்ச்சினோம். இப்போது வாடகை 11,500. வந்தது பற்றி எங்களுக்கு வருத்தமே இல்லை. ஆனால் வந்த வழியில் ஒரு மாதம் வீணாக அலைந்தோம். காரணம், வேலைகளின் வரிசையை மாற்றிச் செய்ததுதான். வீட்டைப் பிடித்தோம், லாரியைப் பேசினோம், பள்ளி விஷயத்தைக் கடைசிக்கு வைத்தோம். கைக்குழந்தை மட்டும் இருப்பவர்கள் அப்படிச் செய்யலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் கூடாது. கீழே இருப்பது நாங்கள் செய்த வரிசை இல்லை, செய்திருக்க வேண்டிய வரிசை.

படி 1: மே மாதத்தில் போய்த் தங்கிப் பாருங்கள்

ஊர் பார்க்கப் பலரும் டிசம்பர், ஜனவரியில் போகிறார்கள். அந்த மாதங்களில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். திருச்சியை அக்னி நட்சத்திரத்தில் பார்க்க வேண்டும். சென்னையில் மதியத்துக்கு மேல் வருகிற கடல்காற்று இங்கே கிடையாது. நாற்பது டிகிரி என்பது மே மாதத்தில் சாதாரணம். நாங்கள் 2024 மே மாதம் உறையூரில் மாமியாரின் தங்கை வீட்டு மாடியில் பதினைந்து நாள் தங்கினோம். "இந்த வெயிலத் தாங்கிட்டா அப்புறம் திருச்சி உன்ன விடாதும்மா" என்றார் சித்தி. அந்தப் பதினைந்து நாளில் நாங்கள் கற்றுக்கொண்டதில் முக்கியமானது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது என்பது. மிச்சமாகும் பணம் ஏசி ஓடும் மின்கட்டணத்துக்கே போய்விடும்.

படி 2: கணக்கு

செலவுக் கணக்கு எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் எழுத மறந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு, வீட்டு வாடகைப்படி விலக்கு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை. திருச்சியில் அது 40 சதவீதம்தான். புதிய வரிமுறையில் இருந்தால் இந்தக் கவலை இல்லை. அடுத்தது ரயில் செலவு. அலுவலகம் போகிற நாட்கள் முன்கூட்டியே தெரிந்தால் 60 நாள் முன்னாலேயே டிக்கெட் போட்டுவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. கணவருக்குப் பிடித்தது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது எழும்பூர். வந்தே பாரத் வேகமானதுதான், ஆனால் பகலில் பாதி நாள் போய்விடும். மூன்றாவது மருத்துவக் காப்பீடு. உங்கள் பாலிசியில் ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் திருச்சியில் இருப்பவை எவை என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியில் அதைத் தேட முடியாது.

படி 3: ஆற்றுக்கு எந்தப் பக்கம்?

திருச்சியில் வீடு தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு. வீதிகள் அழகு, காலை நேரம் இன்னும் அழகு. ஆனால் பிள்ளையின் பள்ளி தில்லைநகரிலோ புத்தூரிலோ இருந்தால் தினமும் பாலம் கடக்க வேண்டும். காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் பழுதுபார்க்க மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த மாதங்களில் சுற்றிப் போய்வந்த கதையை ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் வாழ ஆசை என்றால் பள்ளியும் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கட்டும்.

தில்லைநகரில் மருத்துவமனை, கடை, டியூஷன் எல்லாம் காலடியில். வாடகையும் அதற்கேற்ப. கே.கே.நகர் அமைதி, விமான நிலையமும் பக்கம். திருவெறும்பூர் பெல் நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு வசதி. மற்றவர்கள் தஞ்சாவூர் சாலை நெடுஞ்சாலைப் போக்குவரத்தைக் காலை எட்டரைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நாங்கள் கருமண்டபம் எடுத்ததற்குக் காரணம், ரயில் நிலையமும் பிள்ளையின் பள்ளியும் ஒரே பக்கத்தில் இருந்தன.

படி 4: பள்ளி. இங்கேதான் மாட்டிக்கொண்டோம்

டிசி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். என் காலத்தில் அப்படித்தான். அப்பா ஒரு தாளை வாங்கி வந்தார், அடுத்த பள்ளியில் கொடுத்தார், முடிந்தது.

இப்போது தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் எமிஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் பெயர் அந்தத் தளத்தில் பழைய பள்ளியின் கணக்கில் இருக்கும். பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் கணக்கிலிருந்து விடுவித்து, "காமன் பூல்" என்று எல்லோரும் சொல்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். புதிய பள்ளி அங்கிருந்துதான் பெயரை எடுத்துத் தன் கணக்கில் சேர்க்க முடியும். கையில் இருக்கும் டிசி தாள் வேறு, இந்தக் கணினி வேலை வேறு.

எங்களுக்குத் தாள் கிடைத்தது. பெயரை விடுவிக்கவில்லை. அது தெரியாமல் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். ஜூன் இரண்டாம் வாரம் புதிய பள்ளி அலுவலகத்திலிருந்து, "பாப்பாவோட பேரு இன்னும் பழைய ஸ்கூல்லயே காட்டுதுங்க மேடம்" என்று போன் வந்தது. பழைய பள்ளிக்குப் போன் போட்டால், அந்த வேலையைப் பார்ப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். மூன்று முறை அதே பதில். கடைசியில் சின்னவனைச் சித்தியிடம் விட்டுவிட்டு நானே சென்னைக்குப் போய் உட்கார்ந்து வாங்கி வந்தேன். அந்த நாட்களில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை. தினமும் சாயந்திரம், "அம்மா, என் பேரு எப்பம்மா கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சோறு பிசைய முடியவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது:

மார்ச் மாதமே பழைய பள்ளியில் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மே மாதத்தில் அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம்.

டிசி வாங்கும்போதே, "எமிஸில் காமன் பூலுக்கு அனுப்பியாச்சா, திரையில் ஒருமுறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

அங்கிருந்து நகரும் முன் புதிய பள்ளிக்குப் போன் போட்டு, எமிஸ் எண்ணைச் சொல்லி, பெயர் அவர்கள் திரையில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வருகிறது என்ற பதில் கிடைக்கும்வரை பள்ளி வாசலைத் தாண்டாதீர்கள்.

ஆதார், பிறப்புச் சான்றிதழ், எமிஸ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் ஆதாரில் கைரேகைப் புதுப்பிப்பையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

கட்டணப் பாக்கி என்று டிசியை நிறுத்தினால் பயப்படாதீர்கள். டிசியில் கட்டணப் பாக்கியைக் குறிப்பிடக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புக்குள் சேர்க்கிறீர்கள் என்றால், டிசி தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

புதிய பள்ளியில் "வந்தது" என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி.

படி 5: வீடு

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதைச் சண்டையாகப் பேச வேண்டாம். "மூணு மாசம் தர்றோம்ண்ணே, ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிக்கலாம்" என்று சொன்னோம், வீட்டுக்காரர் நான்குக்கு இறங்கினார். பதிவு செய்த ஒப்பந்தம் பின்னால் எல்லா முகவரி மாற்றத்துக்கும் கைகொடுக்கும் என்பதால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதில்லை. அதனால் அந்த மாதங்களில் வீடு காலியாகவே கிடக்கும். பேரம் பேச அதுதான் நேரம். அப்போதே பேசி முடித்து, ஆவணியிலோ தையிலோ குடிபோகலாம். பள்ளி இல்லாத வயதுப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

வீடு பார்க்கும்போது உங்களுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் உள்மீட்டர் போட்டு யூனிட்டுக்குக் காசு வாங்குகிறாரா என்று கேளுங்கள். தனி மீட்டர் இருந்தால்தான் அரசு தரும் இலவச யூனிட் உங்களுக்கு முழுதாக வந்து சேரும். மாநகராட்சித் தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். சென்னையில் கேன் தண்ணீர் வாங்கியே பழகிய எங்களுக்கு, குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த முதல் நாளை மறக்க முடியாது.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், ஊருக்கு ஃபைபர் இணையம் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, அந்தத் தெருவுக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து சாயந்திரம் வரை மின்சாரம் நிற்கும். முந்தைய நாளே செய்தித்தாளில் வந்துவிடும். பெரிய இன்வெர்ட்டர் வாங்கும்வரை, ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போதும். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும்.

படி 6: லாரி, கேஸ், காகிதங்கள்

சாமான்களைப் பலர் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றும் பங்கு லாரி மலிவு. ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெறும் தரையில் மூன்று நாள் காத்திருப்பதைவிட, முழு வண்டி பேசுவதே நல்லது. ராத்திரி ஏற்றினால் காலையில் திருச்சி.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். சென்னை ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட் பணத்தையும் மாற்றல் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டி, அன்றைய டெபாசிட்டைக் கட்டினால் இங்கே இணைப்பு கிடைக்கும். புதிய முகவரியில் வரும் கேஸ் ரசீதை வைத்து ஆதார் முகவரியை மாற்றலாம். அதை வைத்து ரேஷன் ஸ்மார்ட் கார்டு. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. படிவம் 6 புது வாக்காளருக்கானது, அதை நிரப்பாதீர்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை மட்டும் லாரியில் போகக் கூடாது, உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை, ஆகஸ்ட் 2025

ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. சென்னையில் கிளாம்பாக்கம், இங்கே பஞ்சப்பூர். பேருந்தில் போய்வர நினைப்பவர்கள் மதுரைச் சாலைப் பக்கம் வீடு பார்க்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஞ்சப்பூருக்கு ஊரையே கடக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து வரும் ஒரு தங்கை, தன் கர்நாடக வண்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தமிழ்நாட்டுக்குள் மாறுபவர்கள் வண்டியின் ஆவணத்தில் முகவரியை மாற்றினால் போதும். வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருக்கப்போகிறது என்றால், அங்குள்ள ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். வண்டிக்கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அதைப் பெங்களூரில் இருக்கும்போதே வாங்கிவிடும்மா. அவருடைய பிள்ளை வேறு மாநிலத்துப் பள்ளியில் இருப்பதால் இங்கே எமிஸ் எண் இருக்காது. டிசியோடு அங்கே கொடுத்த மாணவர் எண்ணையும் கேட்டு வாங்கி வந்தால், சேர்க்கும்போது திரும்ப அலைய வேண்டியிருக்காது.