ஃபைபர் வள்ளத்துக்கு ரேடார் ஆர்ச்: அளவு, குழாய், அடித்தட்டு

ரேடார் ஆர்ச் என்பது ரேடார், ஆன்டெனா, விளக்கு எல்லாம் தாங்க வள்ளத்தின் குறுக்கே நிறுத்தும் குழாய் வளைவு. அது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை துறைமுகத்துக்குள் கட்டி நிற்கும் உல்லாசப் படகுகளுக்கானவை. உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் ஓடும் 28–32 அடி ஃபைபர் வள்ளத்தின் பாடு வேறு. தினமும் கரை அலையை உடைத்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும், டிராக்டர் இழுப்பில் மணலில் குலுங்க வேண்டும். ஆர்ச் போனது என்றால் குழாய் ஒடிந்ததாக இருப்பது அபூர்வம். கால் ஊன்றிய இடத்தில் ஃபைபர்தான் கிழிந்திருக்கும். அதனால் காசையும் கவனத்தையும் காலுக்கு அடியில் வரும் அடித்தட்டில் போடுங்கள், உயரத்தில் அல்ல.

முதலில் ரேடார் தேவைதானா என்று பாருங்கள். விடியலில் போய் மதியம் திரும்பும் தொழிலுக்கு ஜிபிஎஸ், விஎச்எஃப் ரேடியோ, நல்ல விளக்கு, கப்பலின் ரேடாரில் நம்மைக் காட்டும் ஒரு ரேடார் ரிஃப்ளெக்டர் போதும். குமரிமுனையைச் சுற்றித் தூத்துக்குடிக்கு வருகிற போகிற கப்பல்களின் பாதையில் இரவு வலை போட்டுத் தங்குகிறவர்களுக்கு ரேடார் பயன்படும். ஆர்ச் வேலை இருவருக்கும் ஒன்றுதான், மேலே ஏறும் எடைதான் மாறும்.

உயரம்

கடல்மட்டத்திலிருந்து ரேடார் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2-ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கடல் மைலில் வரும். 3 மீட்டருக்கு 3.8 மைல், 4 மீட்டருக்கு 4.4 மைல். எதிரே இருப்பதன் உயரத்துக்கும் இதே கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும். கப்பல் உயரமாக இருப்பதால் அது எப்படியும் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஆக, ஒரு மீட்டர் கூடுதலாக ஏற்றி நீங்கள் சம்பாதிப்பது அரை மைல் சொச்சம். பதிலுக்கு வள்ளம் உருளுவது கூடும். வள்ளத்தின் விளிம்புக்கு மேல் 1.7 மீட்டர் போதும்.

18 அங்குல டோமின் (ரேடார் ஆன்டெனா இருக்கும் வட்டக் கூடு) கதிர் மேலும் கீழுமாகச் சுமார் 25 பாகை விரியும். கிடைமட்டத்துக்குக் கீழே 12.5 பாகை என்றால் 2.5 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் அது 55 செ.மீ. இறங்கியிருக்கும். கையேட்டில் கொடுத்திருக்கும் பாதுகாப்புத் தூரத்துக்குள் நிற்கிற யாருடைய தலையும் அந்தக் கதிருக்குள் வரக் கூடாது. எஞ்சின் பிடிப்பவர் பலகைமேல் ஏறி நிற்பார், அதையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

இடம்

பெரும்பாலும் அமரத்துப் பக்கம்தான், அதாவது வள்ளத்தின் பின்பக்கம். ஆனால் வலை எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமரத்தில் வலை விடுகிறவர்கள் ஆர்ச்சை வலைக்கிடங்குக்கு முன்னால் தள்ளி வைக்க வேண்டும். மிதவையும் ஈயக்குண்டும் காலில் மாட்டினால் ஓடுகிற வலை ஆளை இழுத்துவிடும். அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கினால் அதன் தலை பின்காலில் இடிக்கிறதா என்று கயிறு கட்டி ஒத்திகை பாருங்கள்.

குழாய்

வீட்டுக் கேட், கைப்பிடி செய்கிற பட்டறையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று கேட்டால் 202 அல்லது 304 ரகம் கிடைக்கும். 202 சீக்கிரமே துருவேறும், 304 தவிட்டு நிறம் பிடிக்கும். கேட்க வேண்டியது 316. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள், அது சோதனையே இல்லை. மூன்றிலும் அநேகமாக ஒட்டாது. மாலிப்டினம் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால்தான் 316 எது என்று தெரியும்.

38 மி.மீ. குழாய், 2 மி.மீ. கனம். அகலம் 1.6 மீட்டர் என்றால் ஒரு வளையத்துக்கு 1.7 + 1.6 + 1.7, ஆக 5 மீட்டர். இப்படி இரண்டு வளையம். 6 மீட்டர் நீளக் குழாய் இரண்டு வாங்கினால் மிச்சம் 2 மீட்டர். மேலே 40 செ.மீ. குறுக்குச் சட்டம் இரண்டு, காலின் நடுவே 50 செ.மீ. இரண்டு என அதிலேயே முடிந்துவிடும். கால்கள் கீழே 60 செ.மீ. அகன்று மேலே 40-க்குக் குறுகட்டும். நேர்க்கால் வைத்தால் அலையில் முன்பின்னாக ஆடி வெல்டைத் தின்னும். குழாய் மட்டும் 21 கிலோ. அடித்தட்டும் 8 கிலோ டோமும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டும்.

அலுமினியத்தில் எடை ஏறக்குறையப் பாதிதான். ஆனால் வெல்டு வைத்த இடம் பலம் இழக்கும், குழாய் கனமும் 3 மி.மீ. வேண்டும், எஸ்.எஸ். போல்ட் தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர் இல்லாவிட்டால் அரிக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம். வெல்டில் துத்தநாகம் எரிந்து அங்கேயே துரு தொடங்கும், திசைகாட்டியையும் குழப்பும்.

ஆர்கான் வெல்டிங்தான், கம்பி 316எல். வெல்டின் கறுப்பைப் பிக்கிளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பஃபிங் மட்டும் செய்தால் பளபளக்கும், ஆனால் சில மாதத்தில் அதே இடத்தில் துருக்கோடு விழும். ஒவ்வொரு காலின் அடியிலும் 5 மி.மீ. வடிகால் துளை வேண்டும்.

அடித்தட்டு

காலுக்கு 100 × 150 மி.மீ., 8 மி.மீ. கனத் தட்டு, நான்கு எம்10 போல்ட். விளிம்புக்குக் கீழே 150 × 200 அளவில் ஒரு கீழ்த்தட்டு: 18 மி.மீ. மரைன் பிளைவுட் அல்லது 6 மி.மீ. அலுமினியத் தட்டு. பிளைவுட் என்றால் வெட்டிய ஓரத்துக்கும் துளைக்கும் ரெசின் பூச வேண்டும். வெறும் வாஷர் போட்டு முறுக்கிய கால்தான் முதலில் பிய்ந்து வரும்.

விளிம்பு பெட்டிபோல இருந்து உள்ளே புஃப் (நுரை) அடைத்திருந்தால் நேரடியாக முறுக்காதீர்கள். புஃப் நசுங்கும், போல்ட் தளரும், தண்ணீர் இறங்கும். 10.5 மி.மீ. துளை போட்டு, ட்ரில்லில் வளைந்த ஆணியை மாட்டிச் சுற்றிலும் 15 மி.மீ. அளவுக்குப் புஃப்பைச் சுரண்டுங்கள். கீழே டேப் ஒட்டி, ஃபில்லர் கலந்த எபாக்ஸியை ஊற்றுங்கள். இறுகியபின் அதே இடத்தில் மறுபடி துளையிடுங்கள். உள்ளே தெர்மகோல் என்றால் எபாக்ஸி மட்டும்தான், பாலியெஸ்டர் ரெசின் தெர்மகோலைக் கரைத்துவிடும்.

தட்டுக்கு அடியில் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள், சிலிக்கான் வேண்டாம். முதல் நாள் சீலன்ட் பிதுங்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, மறுநாள் இறுக்குங்கள். போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருக வேண்டும். எஸ்.எஸ். மரை உலர்ந்திருந்தால் கடித்துப் பிடித்துக்கொள்ளும், ஆன்டி-சீஸ் (மரை கடிக்காமல் காக்கும் பசை) தடவுங்கள்.

மேலே ஏறுபவை

டோமுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்பம் வையுங்கள், அதன் நிழல் பின்பக்கம் விழட்டும். செவுள்வலைக்காரர் அதில் மேலே சிவப்பு விளக்கும் கீழே வெள்ளை விளக்கும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 1 மீட்டர், கீழ் விளக்கு விளிம்பிலிருந்து குறைந்தது 2 மீட்டர், டோமின் தலைக்கும் மேலே. ஜிபிஎஸ் ஆன்டெனா டோமின் மட்டத்துக்குக் கீழே, விஎச்எஃப் ஆன்டெனா ஒரு மீட்டராவது தள்ளி. எஞ்சின் ஓடும்போது அணியம் (முன்பக்கம்) தூக்கும் வள்ளத்தில் டோமுக்கு அடியில் ஆப்பு கொடுத்து 3–5 பாகை முன்னால் சாயுங்கள்.

ரேடார் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள். முனைக் கனெக்டர் நுழையும் அளவுக்குக் குழாயில் துளை போட்டு ரப்பர் குரோமெட் வையுங்கள். நுழையுமுன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி ஏறினால் மழைநீர் உள்ளே போகாது. பேட்டரியிலிருந்து 5 மீட்டர் ஓட்டத்துக்கு 4 சதுர மி.மீ. ஈயம் பூசிய செம்புக் கம்பி போடுங்கள். 5 ஆம்பியரில் இழப்பு 0.2 வோல்ட். 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.6 வோல்ட் போகும், பேட்டரி இறங்கும்போது ரேடார் தானாக அணைந்துவிடும். ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே.

ரேடார், பிளாட்டர் (கடல்வரைபடத் திரை), விளக்கு, விஎச்எஃப் எல்லாம் சேர்ந்து 4.5 ஆம்பியர் என்று வைத்தால் பத்து மணி நேர இரவுக்கு 45 ஏ.எச். (ஆம்பியர்-மணி). பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 100 ஏ.எச். வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் 9.9 எச்.பி. எஞ்சினில் சார்ஜிங் காயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரையில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

முதல் சில முறை தொழிலுக்குப் போய்வந்தபின் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். தட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் கீழ்த்தட்டு சிறியது, உடனே மாற்ற வேண்டும். கரையேற்றும்போது டிராக்டர் வடத்தை ஆர்ச் காலில் கட்ட யாரையும் விடாதீர்கள். கைக்கு வாகாக இருப்பதால் அங்கேதான் கட்டத் தோன்றும்.